வெள்ளவத்தைக்குப் பிள்ளை பார்க்க ஆள் தேடும் தாய்க்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை செய்யும் ஒரு தாய்க்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் போக வேண்டும். கணவருக்கு ஏற்கெனவே அங்கேதான் வேலை. வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு பார்க்கிறார்கள். பெண் குழந்தைக்கு ஏழு மாதம். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடா போன அம்மா இன்னும் திரும்பவில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம், கொழும்பில் வந்து நிற்க ஏலாது. "ஊரில் இருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகவா, அங்கேயே எடுக்கவா? எவ்வளவு கொடுக்க வேண்டும்? முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளையை எப்படி நம்பி விடுவது?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். கொக்குவில், கோண்டாவில் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்து, கிளினிக் கொப்பியில் எழுதித் திரிந்தவள். இப்போது பிள்ளை பராமரிப்பு வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஆள் எடுக்கிற தாய்மாரும் என்னிடம் வந்து கதைப்பார்கள், கொழும்பில் வேலைக்கு நின்று திரும்பி வந்த பெண்களும் வந்து கதைப்பார்கள். இரண்டு பக்கமும் கேட்டதில் எனக்கு உறுதியாகப் பட்டதை முதலே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கு நித்திரை இருக்கிறதா, சம்பளம் நாள் தவறாமல் கிடைக்கிறதா, பிழை நடந்தால் பயமில்லாமல் வந்து சொல்ல முடிகிறதா என்பதில்தான் உங்கள் பிள்ளையின் பாதுகாப்பு தங்கியிருக்கிறது. நல்ல ஆள் கிடைப்பது பாதி வேலை. அந்த ஆள் நல்லபடியாக வேலை செய்ய இடம் கொடுப்பது மற்றப் பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி எங்கட ஆட்கள் யோசிப்பதே குறைவு.

முதலில் மணித்தியாலத்தைக் கணக்குப் பாருங்கள். வங்கியில் உங்கள் வேலை நேரத்தை 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வைத்திருக்கிறது. அதற்கு மேல் மதியச் சாப்பாட்டு நேரம், காலி வீதியில் பஸ்ஸில் நிற்கிற நேரம், மாலையில் வீடு வந்து சேர்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் காலை ஏழரைக்குப் போய் மாலை ஆறு ஆறரைக்குத்தான் வருவீர்கள். ஆகவே நீங்கள் தேடுகிற ஆள் பதினொரு மணித்தியாலம் ஒரு ஏழு மாதப் பிள்ளையோடு தனியாக நிற்கப் போகிறார். உங்களுக்கு எட்டு மணித்தியாலத்தில் களைப்பு வருகிறதென்றால் அவருக்கும் வரும். இதை எழுதிப் பார்க்காமல் ஆள் தேடப் போகிறவர்கள், "காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும்" என்று வாயால் சொல்லி எடுத்துவிட்டு மூன்றாம் மாதம் சண்டைப்படுகிறார்கள்.

கணவரோடு இருந்து கதையுங்கள். அவர் காலையில் ஒரு மணித்தியாலம் பிந்திப் போகலாமா? நீங்கள் ஒரு மணித்தியாலம் முந்தி வரலாமா? இருவரும் அப்படி மாறி நின்றால் பதினொன்று ஒன்பதாகக் குறையும். அந்த இரண்டு மணித்தியாலத்தால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆட்களின் வட்டம் பெரிதாகிவிடும். தன் வீட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருக்கிற, அனுபவமுள்ள, பொறுப்பான தாய்மார் ஒன்பது மணித்தியால வேலைக்கு வருவார்கள். பதினொன்றுக்கு வரமாட்டார்கள்.

இனி ஊரில் இருந்து கூட்டிக்கொண்டு போவதா என்ற கேள்வி. இதில் ஆறுதலாக நிற்க வேண்டும்.

எங்கட பழக்கம் உங்களுக்குத் தெரியும். கொழும்பில் பிள்ளை பிறந்தால் ஊரில் ஒரு சொந்தக்காரரிடம் சொல்லிவைப்பார்கள். அவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ புருசன் இல்லாத ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். 2009க்குப் பிறகு வன்னியில் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கிற பெண்கள் எத்தனையோ பேர். நுண்கடன் கட்ட வழியில்லாமல் தவித்தவர்களும் அவர்களுக்குள்ளேதான் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை தேவை, உங்களுக்கு ஆள் தேவை. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் ஐந்து வயதிலோ எட்டு வயதிலோ ஒரு பிள்ளை இருக்கும். அதைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்துதான் உங்கள் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பார். பின்னேரம் தன் பிள்ளையோடு பத்து நிமிசம் போனில் கதைக்கவும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவும் வழியில்லாத பெண்ணுக்கு மனம் வேலையில் நிற்காது. அதை அவரின் குணக்குறை என்று சொல்வது அநியாயம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நடுவில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு போய்வரவுக்கு இரண்டு இரவு பஸ்ஸிலேயே கழியும். ஆகவே மாதம் குறைந்தது நாலு நாள் தொடர்ந்து லீவு, போகவர பஸ் காசு உங்களுடையது, லீவு நாளுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை. இது மூன்றுக்கும் உங்களால் ஓம் சொல்ல முடிந்தால் மட்டும் ஊரில் இருந்து ஆளைக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி, அவர் எங்கே படுப்பார்? இரண்டு அறை வீடு என்கிறீர்கள். ஒன்றில் நீங்கள் மூவரும், மற்றதில் சாமான்களும் வந்து நிற்கிற மாமா, மச்சானும். கடைசியில் அந்தப் பெண் ஹோலில் பாய் விரித்துப் படுக்க வேண்டிவரும். இது நடக்கிற கதை. வெள்ளவத்தையில் இன்னொரு அறைக்கு வாடகை எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உள்ளே பூட்டக்கூடிய கதவோடு தனி அறை கொடுக்க முடியாவிட்டால் தங்கி நிற்கிற ஆள் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வீட்டில் ஆண்கள் வந்துபோவார்கள். உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லவில்லை, எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். பூட்டில்லாத இடத்தில் படுக்கிற பெண் நித்திரை கொள்ளமாட்டாள். இரவு முழுக்க நித்திரை முழித்தவளிடம் பகல் முழுக்கத் தவழ்கிற பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் வேலையில் நிம்மதியாக இருக்க முடியாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, கொழும்பிலேயே பகலில் வந்து போகிற ஆளைத் தேடுங்கள். வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, தெஹிவளை பக்கம் தமிழ் கதைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் இருந்து வந்து அங்கேயே குடும்பமாக இருப்பவர்கள், வடக்கில் இருந்து போய் நிலைத்தவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம் பெண்கள். சிங்களம் பேசுகிற நல்ல ஒருவர் கிடைத்தாலும் தயங்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்கிற பிள்ளைக்குப் பேச்சுக் குழம்பாது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை பாகை, எத்தனை தரம் வயிற்றாலே போனது என்று உங்களுக்கும் அவருக்கும் விளங்குகிற மொழி ஒன்று கட்டாயம் வேண்டும். உங்களுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வருமென்றால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

ஏஜென்சி வழியாகவும் எடுக்கலாம். பதிவுக் காசு முன்னுக்கே வாங்குவார்கள், ஆள் நில்லாவிட்டால் குறித்த காலத்துக்குள் வேறு ஆள் தருவோம் என்பார்கள். அந்தக் காலம் எவ்வளவு, காசு திரும்புமா, பெண்ணின் சம்பளத்தில் ஏஜென்சி வெட்டுகிறதா என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். நீங்கள் கொடுக்கிற முழுக்காசும் அவர் கைக்குப் போகாவிட்டால் அடுத்த மாதம் அவர் வேறு வீடு பார்ப்பார். ஏஜென்சி ஆளை விசாரித்துத்தான் அனுப்பியிருக்கும் என்று நீங்கள் விசாரிக்காமல் இருந்துவிடக் கூடாது.

வயதைப் பற்றி ஒன்று. "சின்னப் பிள்ளை ஒண்டு, நல்ல சுறுசுறுப்பு, சும்மா சாப்பாட்டோட விட்டால் காணும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 ஆக இருந்ததை 2021இல் 16 ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற 16 வயது மலையகப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் செத்துப்போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சட்டம் என்ன வயது சொன்னாலும் 18க்குக் கீழே ஒருவரிடம் கைக்குழந்தையை விடக்கூடாது. அவளே பிள்ளை. என் விருப்பம், முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில், சொந்தப் பிள்ளைகளை வளர்த்து எடுத்த ஒருவர்.

சம்பளத்துக்கு வருகிறேன். நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆக்கினார்கள், 2026 ஜனவரியில் இருந்து 30,000. ஆனால் அந்தச் சம்பளத்தை ஏற்படுத்திய 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களை வெளியே விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டது. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1983இன் பணிக்கொடைச் சட்டமும் அப்படியே. வீட்டுப் பணியாளர்களுக்கென்றே இந்த நாட்டில் வந்த சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1871ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அது வேலைக்காரரைப் பதிவுசெய்து கண்காணிக்க வந்தது, அவர்களைக் காப்பாற்ற வந்ததில்லை. உங்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் லீவு தந்தது ஒரு சட்டம். அந்த லீவு முடிய நீங்கள் வேலைக்குத் திரும்புவதற்குத் தோள்கொடுக்கிற பெண்ணுக்கு அப்படியொன்றும் இல்லை. ஆகவே நீங்கள் இருவரும் இருந்து எழுதுகிற ஒரு தாள்தான் அவருக்கு இருக்கிற சட்டம்.

30,000 என்பது கீழ்க்கோடு. கொழும்பில் கைக்குழந்தையைத் தனியாகப் பார்க்கிற அனுபவமுள்ளவருக்கு அதைவிட நன்றாகக் கூடத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் இருக்கப்போகிற அதே மாடியிலோ ஒழுங்கையிலோ பிள்ளை பார்க்க ஆள் வைத்திருக்கிற இரண்டு மூன்று வீட்டில் கேட்டால் அந்த இடத்து நடப்பு விலை விளங்கும். அதிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். ஒரு பேச்சுக்கு 40,000 என்று வைப்போம். நாளுக்கு 8 மணித்தியாலம், 30 நாள் என்று 240 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 167 ரூபாய் வரும். நீங்கள் பிந்தி வருகிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 250 ரூபாய். உங்களுக்கு வங்கி ஓவர்டைம் தருகிற அதே கணக்குத்தான். வங்கி உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் நம்பிக்கை நிதிக்கும் கட்டுகிறது. அந்த 15 வீதத்தை, 40,000க்கு 6,000 ரூபாயை, மாதாமாதம் அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வருடத்துக்கு 72,000. நீங்கள் வங்கியில் இருப்பவர், கணக்குத் திறந்து கொடுப்பது உங்களுக்கு ஒரு வேலையே இல்லை. புத்தகம் அவரிடம் இருக்கட்டும். சம்பளத்தையும் வங்கியில் போடுங்கள், திகதி தவற விடாதீர்கள்.

அட்வான்ஸ் கேட்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு, சீட்டுக் காசு, கடன் தவணை. கொடுக்கலாம், ஆனால் அதை வேலையோடு முடிச்சுப் போடக் கூடாது. "கடனை அடைச்சுப்போட்டுப் போ" என்று ஒரு பெண்ணைப் பிடித்து வைப்பது அடிமைப்படுத்துவதுதான். தொகையையும் மாதம் எவ்வளவு கழிப்பது என்பதையும் எழுதி, நாலில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காமல், இடையில் நின்றால் மிச்சத்தை விட்டுவிடக்கூடிய அளவு மட்டும் கொடுங்கள்.

தாளில் வேறு என்ன எழுதுவது? வேலை என்ன என்பதுதான் முதல். பிள்ளை பார்ப்பது, பிள்ளையின் சாப்பாடு செய்வது, பிள்ளையின் உடுப்புத் தோய்ப்பது. அவ்வளவுதான். வீட்டுக்குச் சமைப்பது, மீன் வெட்டுவது, கூட்டித் துடைப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டு வேலை. பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் ஒரு சம்பளத்துக்குச் செய்விக்கிறார்கள். தவழ்கிற பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் தாளிக்கிற பெண்ணின் அடுப்படியில் சுடுஎண்ணெய் இருக்கிறது. எரிகாயத்தோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஓடிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தவள் நான். கிழமைக்கு இரண்டு தரம் துப்பரவுக்கு வேறு ஒருவரை வையுங்கள், இல்லாவிட்டால் வீடு கொஞ்சம் குப்பையாகக் கிடக்கட்டும். அதன்பின் ஞாயிறு முழு லீவு, வருடத்தில் 14 நாள் சம்பளத்தோடு லீவு, வருத்தத்துக்குத் தனி லீவு, தைப்பொங்கல் தீபாவளி, அவர் கத்தோலிக்கர் என்றால் ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. இரண்டு பக்கமும் ஒரு மாத முன்னறிவித்தல். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி.

ஆளை விசாரிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அடையாள அட்டைப் பிரதி, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வாங்கிய நற்சான்றிதழ், இருப்பிட விலாசம், நெருங்கின சொந்தக்காரர் இருவரின் போன் இலக்கம் எடுங்கள். பிரதியைத்தான் எடுக்க வேண்டும். அசல் அடையாள அட்டையை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது பெருங்குற்றம் போன்றது, செய்யாதீர்கள். நெஞ்சுச் சிகிச்சை நிலையத்தில் சயரோகப் பரிசோதனை ஒன்று செய்வித்துக்கொள்வது நல்லது. செலவு உங்களுடையது, முடிவு இரகசியமாக இருக்கட்டும்.

ஆனால் இந்தத் துண்டுகள் எல்லாம் ஒருவர் கள்ளர் இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். பிள்ளையை எப்படிப் பார்ப்பார் என்பதை முன்பு வைத்திருந்த தாயிடம்தான் அறியலாம். போனில் கேட்காமல் முடிந்தால் நேரே போய்க் கேளுங்கள். "நல்ல ஆளா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "பிள்ளைக்கு ஒருக்கா அடிபட்டதென்றால் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?" என்று கேளுங்கள். "அவவே போன் எடுத்துச் சொன்னா" என்று பதில் வந்தால் உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று பாதி நம்பலாம். "ஏன் வேலையை விட்டவ? திரும்ப வந்தால் எடுப்பீங்களா?" என்ற கேள்விக்கு அந்தத் தாய் எவ்வளவு நேரம் யோசிக்கிறா என்றும் கவனியுங்கள்.

வருகிறவரிடமும் அப்படியே, நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை ஒரு மணித்தியாலமாக விடாமல் அழுகிறது, என்ன செய்வீங்கள்? வாய்க்குள் ஏதோ போட்டு இருமுகிறது, என்ன செய்வீங்கள்? சாப்பிடமாட்டேன் என்று வாயை மூடுகிறது? கடைசிக் கேள்விக்கு "வாயைப் பிடிச்சு ஊட்டிப்போடுவன்" என்று பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். ஒன்றும் தெரியாது, சொல்லித்தந்தால் செய்வேன் என்பவரை நான் எடுப்பேன். எல்லாம் தெரியும் என்பவரிடம்தான் எனக்குப் பயம்.

முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால் ஏதாவது மருந்து கொடுப்பீங்களா? சளிப் பாணி, ஒவ்வாமைப் பாணி என்று நித்திரை வரப்பண்ணுகிற பாணிகள் பார்மசியில் இலேசாகக் கிடைக்கின்றன. களைத்துப்போன ஒருவர் ஒரு மூடி கொடுத்துவிட்டால் பிள்ளை மூன்று மணித்தியாலம் படுக்கும். கைக்குழந்தையின் மூச்சை அடக்கக்கூடிய மருந்து அது. வீட்டில் பாணி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். வெளியே ஒரேயொரு பரசிட்டமோல், பிள்ளையின் நிறைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று டொக்டர் எழுதிய துண்டோடு. உங்களுக்குப் போன் எடுக்காமல் அதையும் கொடுக்கக் கூடாது. கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் இல்லை, ஆகவே காய்ச்சலுக்கு ஐபுபுறுபன், அஸ்பிரின் வகை எதுவும் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

எங்கட கைவைத்தியத்தைப் பற்றியும் முன்கூட்டியே கதையுங்கள், ஏனென்றால் அது அன்பினால் செய்யப்படுகிறது, பிறகு நிறுத்துவது கடினம். குளிக்க வார்க்கும்போது மூக்குக்குள் தேங்காய் எண்ணெய் விடுவது நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் ஆக்கும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. வசம்பு உரைத்துக் கொடுக்கக் கூடாது. கண்ணுக்கு மை பூசக் கூடாது. இதையெல்லாம் அவருக்கு மட்டும் சொல்லி, மாமி வரும்போது விட்டுவிடாதீர்கள். மாமிக்கும் அதே சட்டம்.

தாய்ப்பால் பிழிந்து வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் நல்லது, விடாதீர்கள். கொழும்பு வெக்கையில் வெளியே வைக்க வேண்டாம், பிழிந்த உடனே பிரிட்ஜில் உள்தட்டில் வையுங்கள், கதவில் இல்லை. நாலு நாள் வரை இருக்கும். திகதி எழுதுங்கள். சுடுதண்ணிக்குள் வைத்து இளஞ்சூடாக்கலாம், அடுப்பில் நேரே கூடாது. பிள்ளை குடித்து மீந்த பாலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதை அவர் கண்முன்னே நீங்கள் ஒருக்கால் செய்து காட்டி, அவர் ஒருக்கால் உங்கள் கண்முன்னே செய்ய வேண்டும். வாயால் சொன்னால் காணாது.

வீட்டையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக் கட்டுக்குப் பயந்தோம், அங்கே பல்கனி. கம்பி இடைவெளி பிள்ளையின் தலை போகாத அளவா, அருகில் ஏறி நிற்கக் கதிரை கிடக்கிறதா என்று பாருங்கள். குளியலறை வாளியில் தண்ணி நிரம்பிக் கிடக்கக் கூடாது. ஒரு சாண் தண்ணியில் பிள்ளை மூழ்கும். நிலக்கடலை, முழு முந்திரிகை, ரம்புட்டான் எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. சுவரில் பெரிய எழுத்தில் உங்கள் இருவரின் இலக்கம், 1990 அம்புலன்ஸ், பக்கத்து வீட்டாரின் இலக்கம், வீட்டு விலாசம் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் விலாசம் யாருக்கும் வாயில் வராது. போனில் படம் காட்டிச் சாப்பாடு தீத்துவது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குக்கூடத் திரை கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையின் முன்னால் போனைத் தடவிக்கொண்டிருந்தால் அவர் கேட்கமாட்டார்.

கமரா பூட்டலாமா? பூட்டலாம், அவருக்குச் சொல்லிவிட்டு, ஹோலில் மட்டும். ஒளித்துப் பூட்டுவதும், அவர் உடுப்பு மாற்றுகிற, படுக்கிற இடத்தில் பூட்டுவதும் கூடவே கூடாது. கமராவை நம்பி விசாரிப்பைக் குறைத்துவிடாதீர்கள். நேரம் கெட்ட நேரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து பாருங்கள், பக்கத்து வீட்டாரோடு நல்ல பழக்கம் வைத்திருங்கள், அது கமராவைவிட நன்றாக வேலை செய்யும்.

ஆளை எடுத்தபின் உடனே விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் மகளுக்கு இப்போது ஏழு மாதம். எட்டு ஒன்பது மாதமாகும்போது அந்நிய முகத்துக்குப் பயப்படத் தொடங்கும், நீங்கள் கண்ணை விட்டு மறைந்தால் கத்தும். அது வளர்ச்சி. அது கூடுவதற்கு முன்னால் அவர் முகம் பழகிவிட வேண்டும் என்பதால் இடமாற்றத் திகதிக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விடுங்கள், லீவு போட்டாவது. முதல் சில நாள் நீங்கள் பார்ப்பீர்கள், அவர் பக்கத்தில் இருப்பார். பிறகு அவர் பார்ப்பார், நீங்கள் பக்கத்தில். பிறகு ஒரு மணித்தியாலம் கடைக்கு, அடுத்த நாள் மூன்று மணித்தியாலம். இந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம். மாமியையும் முதல் மாதம் கூட்டிவர முடிந்தால் லிப்ட் உள்ள வீடாகப் பாருங்கள். ஆனால் மாமி மேற்பார்வை பார்க்க வந்ததாக இருக்கக் கூடாது. பிள்ளையைப் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொல்வது நீங்கள் ஒருவர்தான் என்று வீட்டில் முதலே தெளிவாக்குங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் அவர் யார் சொல்வதையும் செய்யாமல் விடுவார்.

நீங்கள் காலையில் போகும்போது பிள்ளை அழுவதை வைத்து அவரை எடைபோட வேண்டாம். நீங்கள் போய்ப் பத்து நிமிசத்தில் அடங்கிவிட்டதா என்று கேளுங்கள். பயப்பட வேண்டியவை வேறு. பிள்ளையின் உடம்பில் காரணம் சொல்லாத கன்றல், பின்னேரம் வழமைக்கு மாறான மயக்கம், அவர் தூக்க வந்தாலே பிள்ளை உடம்பை விறைப்பது, நாள் போகப் போக அது கூடுவது. இப்படி ஏதும் கண்டால் வாய்த்தர்க்கத்தில் நேரத்தைக் கழிக்காமல் அன்றைக்கே பிள்ளையை டொக்டரிடம் காட்டுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கட யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, கதிரையில் இருக்கவிடாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்று சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வியின் அர்த்தம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், கேட்கப்படுகிற அந்தப் பெண்ணுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தன் கையால் சோறு குழைத்துத் தீத்துகிறவர் உங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கக் கூடாதென்றால் அந்த வீட்டில் அவர் உண்மை பேசமாட்டார். பிள்ளை கட்டிலால் விழுந்ததை மறைப்பார். நீங்கள் சாப்பிடுவதை அவரும் சாப்பிட வேண்டும், மேசையில் இருந்து. உங்கள் மகள் அவரை அன்ரி என்றோ அம்மம்மா என்றோ என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

பகல் பராமரிப்பு நிலையத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பக்கத்தில் ஒன்றைப் பார்த்துவைத்திருங்கள். ஒருவர் எத்தனை கைக்குழந்தையைப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். மூன்று நாலுக்கு மேல் என்றால் வேண்டாம். பிள்ளைக்கு இரண்டு வயதான பிறகு அது நல்ல வழியாக இருக்கலாம். இப்போதைக்கு, உங்கள் ஆளுக்குக் காய்ச்சல் வருகிற நாளுக்கு ஒரு மாற்று. அவருக்குக் காய்ச்சல் என்றால் வரச்சொல்லி வற்புறுத்தாமல் இருப்பதற்கு உங்களிடம் வேறு வழி இருக்க வேண்டும் அல்லவா? யார் லீவு போடுவது என்பதைக் கணவரோடு மாறி மாறி என்று முதலே பேசிவையுங்கள். எப்போதும் நீங்கள்தான் என்று ஆகிவிட வேண்டாம்.

ஆள் கிடைத்து, முன்பு வைத்திருந்த தாயோடு கதைத்தபின் எனக்கு எழுதுங்கள். தாளில் என்ன எழுதுவதென்று சேர்ந்து பார்ப்போம்.